18 வயதுக்குப் பிறகு திண்ணைதானா?

காலையில் ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஷூ கம்பெனி வேன்கள் வந்து நிற்கின்றன. டிபன் பாக்ஸோடு பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள். சில தாய்மார்களுக்கு மட்டும் அந்த வேனில் ஏற வழியில்லை. வீட்டில் 25, 30 வயதில், அறிவுசார் குறைபாடுள்ள மகனோ மகளோ இருக்கிறார். தனியே விட்டுப் போக முடியாது; பகலில் கொண்டுபோய் விடவும் இடமில்லை. ஏஜென்ட் கொண்டுவரும் ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுத்து அந்தத் தாய் காலம் தள்ளுகிறார். மகன் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மீசை முளைத்து நரைக்கத் தொடங்கினாலும் அவரை ஊர் ‘குழந்தை’ என்றே சொல்கிறது.

18 வயது வரை நிலைமை இவ்வளவு மோசமில்லை. பள்ளிக் கல்வித் துறையின் சிறப்பாசிரியர் இருக்கிறார். வட்டார வள மையத்தில் பயிற்சி உண்டு. 18 முடிந்ததும் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. எண்ணவும், சட்டை மாட்டவும், கடைக்குப் போய் வரவும் பாடுபட்டுக் கற்றதெல்லாம் பழக இடமின்றி மறந்துபோகிறது.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை 5-ஆவது பிரிவில் உரிமையாகவே தந்திருக்கிறது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. அது தேவையான உதவி. ஆனால் பணம் வீடு தேடி வந்தால் போதாது. அந்த மனிதர் வீட்டைவிட்டு வெளியே வரவும் வழி வேண்டும்.

அப்படி வழி திறப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வேலூர் பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையம், குடும்பத்தையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தந்து வழிகாட்டியது. காட்பாடியில் ஒர்த் டிரஸ்ட், தொழுநோயிலிருந்து மீண்டவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பட்டறைத் தொழிலாளர்களாக நிமிர்ந்து நிற்கவைத்தது. உடல் குறைபாடு உள்ளவர்களுக்குத் திறந்த கதவு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் திறக்க வேண்டாமா?

வேலைக்கும் இங்கே பஞ்சமில்லை. லேஸ் கோர்ப்பது, பிசிறு நூல் கத்தரிப்பது, ஷூவுக்குள் பேப்பர் திணிப்பது, அட்டைப்பெட்டி மடிப்பது என ஒரே மாதிரி, பொறுமையாகச் செய்யும் வேலைகள் பல உண்டு. பழக்கிவிட்டால் இவர்களில் பலர் கைதேர்ந்து செய்வார்கள். தொழிலாளர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி தனியார் நிறுவனங்களுக்கு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 35-ஆவது பிரிவு சொல்கிறது.

இதற்கிடையே அலைச்சல் வேறு. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது தோல் தொழில் பகுதியும் மூன்றாகப் பிரிந்தது. 18 வயதுக்குமேல் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிப்பது, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு. ஆம்பூர்த் தாய் அதற்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மகனையும் அழைத்துக்கொண்டு, வாணியம்பாடி தாண்டி, மாவட்டத் தலைநகரான திருப்பத்தூர் போக வேண்டும்.

கேட்பது இவ்வளவுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய மூன்று ஊர்களிலும், வேன் நிற்கும் தூரத்தில், வேலைப் பயிற்சியோடு கூடிய பகல்நேர மையம் வேண்டும். ஷூ கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் அதற்குத் தோள் கொடுத்து, பழகியவர்களுக்கு உரிய கூலியோடு வேலை தர வேண்டும். பாதுகாவலர் குழு தாலுகாவுக்கே வந்து முகாம் நடத்த வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025-இல் சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. அந்த உறுப்பினர்கள் இக்கோரிக்கையை முதல் கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று அதிகாரிகள் தயங்க வேண்டியதில்லை. சிறப்பாசிரியர்களின் பதிவேட்டில், 18 வயதைக் கடந்தவர்களின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. அந்தப் பெயர்களின் வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள்.