தொட்டிலை விறைப்பாகக் கட்டாதீர்கள்

மாணவர்களே! முகாமில் மரத்தடியில் படுக்க வலைத்தொட்டில் வாங்கப் போகிறீர்களா? 1492-இல் கொலம்பசின் மாலுமிகள் கரீபியன் தீவுகளில் கண்ட படுக்கை இது. 'ஹேமக்' என்ற பெயரும் அத்தீவுகளின் தைனோ மக்களுடையதே.

கடையில், இரு முனையிலும் கட்டை வைத்து விரித்த தொட்டில்தான் அழகாகத் தெரியும். அதை வாங்காதீர்கள் என்பேன். புரண்டு படுத்தால் எளிதில் கவிழ்த்துவிடும். கட்டையில்லாத, மூன்று மீட்டர் நீளத் துணித்தொட்டிலே நல்லது. அதில் சற்றுக் குறுக்காகப் படுங்கள். முதுகு அவ்வளவாக வளையாது.

பலரும் செய்யும் பிழை, தொய்வு கூடாதென்று கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. உங்கள் எடை 50 கிலோ என்று கொள்வோம். கயிறு கிடைமட்டத்துடன் 30 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு கயிற்றிலும் இழுவிசை 50 கிலோ எடைக்குச் சமம். பாதிதானே வரவேண்டும் என்கிறீர்களா? இழுவிசையின் செங்குத்துக் கூறு மட்டுமே உங்களைத் தாங்குகிறது. அதுதான் 25 கிலோ. சாய்வு 10 பாகையானால் இழுவிசை ஏறக்குறைய 144 கிலோ! எடையைச் சாய்வுக் கோணத்தின் சைனின் இருமடங்கால் வகுத்து நீங்களே சரிபாருங்கள். இந்தக் கணக்கைத் தேர்வில் சரியாகப் போட்டுவிட்டு, அதே கோடையில் கயிறறுந்து விழுந்தவன் நான்!

பட்டமரத்தில் கட்டவே கூடாது. மரமே உங்கள் மேல் சாயலாம். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். அகலமான நாடாவைச் சுற்றுங்கள். தொட்டில் நாற்காலி உயரத்துக்கு மேல் வேண்டாம். மலைப்பகுதியானால் கம்பளியை முதுகுக்கு அடியில் விரியுங்கள். அங்கே குளிர் கீழிருந்துதான் வரும்.