ஜிப்சிக்கு எஃப்.சி. வருகிறது

சென்னை வேளச்சேரியில் மாருதி ஜிப்சி வைத்திருப்பவனைப் பார்த்து, "காட்டுக்கா போகப்போறீங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. காடு எதற்கு? 2015 டிசம்பரில் இந்தத் தெருக்களில் படகு விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இடுப்பளவுத் தண்ணீர். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே கார்களெல்லாம் மேம்பாலத்தில் ஏறி வரிசை கட்டிவிட்டன. பள்ளிக்கரணை சதுப்புக்குப் போகவேண்டிய தண்ணீர் நம் வாசலில் தங்கிப் போகிற ஊரில், வண்டியை இரண்டு அங்குலம் தூக்க நினைப்பது ஆடம்பரமாம்!

வண்டியைத் தூக்க ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்காத சாமான் இல்லை. ஆன்லைனிலும் அப்படித்தான். "அப்படியே உக்காரும் பாஸ், வீட்லயே மாட்டிக்கலாம்" என்பார்கள். எந்த வீட்டில்? எங்கள் அபார்ட்மெண்ட்டின் ஸ்டில்ட் பார்க்கிங்கில், தூணுக்கும் பக்கத்து ஃபிளாட் ஆக்டிவாவுக்கும் நடுவே ஜாக்கி வைக்க இடம் இருக்கிறதா என்று யாராவது வந்து பார்க்கட்டும். ஸ்பேனரை எடுத்த சத்தத்திலேயே செக்ரட்டரி இறங்கி வந்துவிடுவார். "சார், இது ஒர்க் ஷாப் இல்ல." அவரிடம் வாதாட முடியாது, கீழே உண்மையிலேயே எண்ணெய் சொட்டியிருக்கும்.

சாமான் உட்கார்ந்தாலாவது பரவாயில்லை. ஜிப்சிக்கு முன்னும் பின்னும் பட்டை ஸ்ப்ரிங். அதைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டால் வண்டி உயரும், சரி. கூடவே முன் ஆக்சில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேஸ்டர் கோணம் குறைந்துவிடும். அப்புறம் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது, நூறடி ரோட்டில் வண்டி அலைபாயும். அதைச் சரிக்கட்ட ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் ஆப்பு வைக்கவேண்டும் (வைத்தது யாருக்கு என்று என்னைக் கேட்காதீர்கள்). பிரேக் ஹோஸ் எட்டாது, அதை மாற்று. புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும், அதைப் பார். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிற ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரிப்பார். 205/70 டயருக்குப் பதில் 235/75 போட்டால் உயரம் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 66-ல் போய்க்கொண்டிருக்கும். பெட்டிமேல் இதில் ஒரு வரியாவது அச்சிட்டிருக்கிறார்களா என்றால் இல்லை. "யுனிவர்சல் ஃபிட்" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஸ்நார்க்கல் கதை இதைவிட மோசம். இன்ஜின் மூச்சு வாங்கும் வாயை கூரை உயரத்துக்குக் கொண்டுபோகிற குழாய் அது. வழியில் ஒரு இணைப்பு லேசாகக் கசிந்தாலும் அந்தக் குழாய் வெறும் அலங்காரம்தான். அது சரியாகவே இருந்தாலும், சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்கிற மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டிஃபரன்ஷியல் எண்ணெய் டீக்கடைப் பால் டீ நிறத்துக்கு வந்துவிடும். பிரீதரிலிருந்து மேலே ஒரு ரப்பர் குழாயை இழுத்துக் கட்டினால் போதும், காசு என்று பெரிதாக எதுவும் ஆகாது. ஆனால் வெள்ளத்தில் வண்டியைக் காப்பாற்றும் இந்தக் குழாயைக் கேட்டால் கடையில் முழிக்கிறார்கள், கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி. பட்டையைக் கேட்காமலே எடுத்து நீட்டுகிறார்கள்.

இதற்கு மேலே சட்டம். 2017 டிசம்பரில் மத்திய அரசு, வண்டியின் முன்னால் மாட்டும் புல் பாருக்குத் தடை போட்டது. நடந்து போகிறவர் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்றது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஷாக்கிள், டயர், ஸ்நார்க்கல் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பாதியில் விரலை மடக்கிக்கொண்டேன். கடையில் ஜி.எஸ்.டி. போட்டு ரசீது தருகிறார்கள், அரசும் வரியை வாங்கிக்கொள்கிறது. அதே சாமான் வண்டியில் ஏறியதும் குற்றமாகிவிடுகிறது.

கேஸ் கிட் மாட்டினால் பரிசோதித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள முறை இருக்கிறது. ஜெர்மனியில் மாற்று ஸ்ப்ரிங் போட்டவர் டி.யூ.வி. மாதிரி ஆய்வு நிலையத்தில் வண்டியைக் காட்டி, சரியாக இருந்தால் பத்திரத்தில் பதிந்துகொள்கிறார். அப்படி ஒரு ஜன்னலை இங்கேயும் திறந்து, ஃபீஸ் எவ்வளவு என்று சொன்னால் நான் வரிசையில் நிற்கமாட்டேனா? ஒழுங்காகச் செய்தவனையும், சைலன்சரைப் பிடுங்கிவிட்டு நள்ளிரவில் தெருவை எழுப்புகிறவனையும் ஒரே தட்டில் வைத்தால் எப்படி?

இப்போது வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட எல்லாம் பழையபடி இருக்கவேண்டும். கழற்றி மாடிப்படிக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்த ஒரிஜினல் ஷாக்கிளையும் வீல்களையும், அசோசியேஷன் 'இடத்தைச் சுத்தம் செய்கிறோம்' என்று காயலான் கடைக்குப் போட்டுவிட்டது. பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் விசாரித்தால் கடைக்காரர் சிரிக்கிறார். "ஜிப்சி ஒரிஜினலா? எஃப்.சி.யா சார்? உங்களுக்கு முன்னாடி நாலு பேர் சொல்லி வெச்சிருக்காங்க."