‘அதான் ரீஃபண்ட் வந்துடுச்சே!’ - ஆர்டர் வந்து சேரலைன்னா, பணம் திரும்பினா மட்டும் போதுமா?

போன அக்டோபர் மாதம், மதியம் 2.40 மணிக்கு என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது: ‘உங்கள் ஆர்டர் டெலிவரி செய்யப்பட்டது.’ தம்பிக்காக வாங்கிய லேப்டாப். பண்டிகை ஆஃபரில் 38,990 ரூபாய். நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன், டெலிவரி முகவரி விழுப்புரத்தில் எங்கள் வீடு. உடனே அம்மாவுக்கு போன் பண்ணினேன்.

“என்ன லேப்டாப்? காலைல இருந்து நான் வாசல்லதானே உட்கார்ந்திருக்கேன். ஒருத்தரும் வரலையே!”

அடுத்த ஆறு நாள் கஸ்டமர் கேரோடு போனது. ஒருவர், ‘எங்க சிஸ்டத்துல டெலிவரி ஆனதாகத்தான் காட்டுது’ என்றார். இன்னொருவர், ‘48 மணி நேரம் காத்திருங்க’ என்றார். மூன்றாமவர், ‘நாங்க வெறும் தளம்தான், விற்பனையாளரைக் கேளுங்க’ என்றார். ஓடிபி கேட்காமல் யாரிடம் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் கடைசி வரை பதில் இல்லை.

தம்பிக்கு 16-ம் தேதி ஆன்லைன் இன்டர்வியூ. வேறு வழியில்லாமல், 14-ம் தேதி அதே மாடலைக் கடையில் 43,490 ரூபாய்க்கு வாங்கினோம். கூடுதல் செலவு 4,500 ரூபாய். கையில் அவ்வளவு பணம் இல்லாததால் அப்பா வெளியில் கடன் வாங்கினார். 27-ம் தேதி ரீஃபண்ட் வந்தது. கூடவே 500 ரூபாய் கூப்பன், ‘உங்கள் பிரச்னை தீர்க்கப்பட்டது’ என்ற மெயில்.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “அதான் பணம் வந்துடுச்சே, அப்புறம் என்ன?”

நானும் அப்படியே விட்டுவிட்டேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

ரீஃபண்ட் வேறு, இழப்பீடு வேறு

ரீஃபண்ட் என்பது நம்முடைய பணம். பொருளைக் கொடுக்காதவர் பணத்தைத் திருப்பித் தருவதில் சலுகை எதுவும் இல்லை. அவர்கள் தவறால் நமக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்குத் தருவதுதான் இழப்பீடு. என் விஷயத்தில் 38,990 ரூபாய் திரும்பி வந்தது. 4,500 ரூபாய் நஷ்டம் அப்படியே நிற்கிறது.

இந்த வித்தியாசத்தைச் சட்டமும் ஏற்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 39-வது பிரிவு, நுகர்வோர் ஆணையம் என்னென்ன உத்தரவு போடலாம் என்று பட்டியலிடுகிறது. கொடுத்த விலையைத் திருப்பித் தரச் சொல்வது அதில் ஒன்று. எதிர்த்தரப்பின் அலட்சியத்தால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு தரச் சொல்வது தனியாக இன்னொன்று. வழக்குச் செலவும் கேட்கலாம். அதனால் முதலாவது கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாவதைக் கேட்கும் உரிமை போய்விடாது.

‘நாங்க தளம் மட்டும்தான்’ - இது செல்லுமா?

அதே 2020 ஜூலையில் மின்வணிகத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. அதன்படி ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களைத் தருவதும் தளத்தின் கடமை.

எனவே ‘அவரைக் கேளுங்க, இவரைக் கேளுங்க’ என்று அலைய விட்டால் நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. விற்பனையாளர், தளம் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்து புகார் கொடுங்கள். யார் பக்கம் தப்பு என்பதை ஆணையத்தின் முன் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

எங்கே, எப்படிக் கேட்பது?

முதல் படி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். சாட்டில் புலம்புவது போதாது, மெயில் அனுப்புங்கள். ஆர்டர் எண், சொன்ன டெலிவரி தேதி, நடந்தது என்ன, எவ்வளவு நஷ்டம், எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று நான்கைந்து வரி போதும்.

இரண்டாவது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி பதில் கேட்பார்கள். எனக்கு ரீஃபண்ட் அசைந்ததே இங்கே புகார் பதிந்த பிறகுதான். ஆனால் ஒன்று: உதவி மையத்தால் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியாது. பெரும்பாலானோர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறோம்.

மூன்றாவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ‘கோர்ட்’ என்றதும் வரும் பயத்துக்கு இங்கே அவ்வளவு வேலை இல்லை. நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். 2025 ஜனவரியில் அறிமுகமான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். வீடியோ மூலம் விசாரணையில் கலந்துகொள்ள அனுமதி கேட்கவும் வழி உண்டு.

நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்கு போடலாம். பழைய சட்டத்தில் இல்லாத வசதி இது. பிரச்னை நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் கவனிக்க: லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் உதவாது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய கேமராவும் லேப்டாப்பும் இதற்குள் வரும்.

எவ்வளவு கேட்கலாம்?

பத்தாயிரம் ரூபாய் பொருளுக்குப் பத்து லட்சம் கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்டால் நம் நியாயமான கணக்கும் சேர்ந்து எடுபடாமல் போகும். பில்லோடு காட்டக்கூடிய நஷ்டத்தை முதலில் எழுதுங்கள். வேறு இடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கியது, பணம் முடங்கிக் கிடந்த நாட்களுக்கு வட்டி, அலைந்த செலவு. அதன் பிறகு மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு.

ஆதாரங்களை அன்றன்றே எடுத்து வையுங்கள். ஆர்டர் உறுதி மெயில், டெலிவரி தேதி காட்டும் ஸ்கிரீன்ஷாட், சாட் முழுவதும், கஸ்டமர் கேரோடு பேசிய தேதி, நேரம். அபார்ட்மென்ட் என்றால் செக்யூரிட்டி நோட்டின் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஆப்பில் உள்ள தகவல் நாளைக்கு மாறிவிடலாம், உங்கள் போனில் இருக்கும் படம் மாறாது.

முக்கியமாக, கூப்பன் கொடுத்துவிட்டு ‘உங்கள் பிரச்னை தீர்ந்ததா?’ என்று கேட்டால் அவசரப்பட்டு ‘ஆம்’ தட்டாதீர்கள். ‘ரீஃபண்ட் கிடைத்தது, இழப்பீட்டுக் கோரிக்கை அப்படியே இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

எல்லாத்துக்கும் கேஸ் போடணுமா?

இல்லை. 200 ரூபாய் போன் கவர் ஒரு நாள் லேட்டாக வந்ததற்கு ஆணையத்துக்குப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மழையில் பைக்கை நிறுத்திவிட்டு மாடி ஏறி வரும் டெலிவரி ஊழியரிடம் சண்டை போடுவதும் இதற்கு வழி இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை பார்சல் என்று அவர் தலையில் கட்டியது நிறுவனம். நம் கேள்வியும் அந்த நிறுவனத்திடம்தான்.

‘4,500 ரூபாய்க்கு இவ்வளவு மெனக்கெடணுமா?’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிக காலம் எடுப்பதும் உண்டு. லீவு போட வேண்டி வரலாம். இதையெல்லாம் மறைத்துவிட்டு ‘ஈஸி’ என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே கணக்கைத்தான் நிறுவனங்களும் போடுகின்றன. நம்மில் யாரும் இந்தத் தூரம் வர மாட்டோம் என்ற நம்பிக்கைதான், ரீஃபண்டோடு கோப்பை மூட அவர்களுக்குத் தைரியம் தருகிறது. பொருளைக் கொடுக்காமல் விட்டாலும் நஷ்டம் இல்லை என்றால், டெலிவரியைச் சரிசெய்ய அவர்களுக்கு என்ன அவசரம்?

கேட்காமலே கிடைக்க வேண்டும்

இதற்கு ஒரு முன்மாதிரி நம் கையிலேயே இருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குள் வங்கி அதைத் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் பாதியில் சிக்கினாலும் இதே கணக்குதான். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. வாடிக்கையாளர் புகார் தரும் வரை காத்திருக்காமல் வங்கியே இழப்பீட்டை வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

பணம் சிக்கினால் நாளுக்கு 100 ரூபாய் என்று விதி போட முடிகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளையே கொடுக்காதவருக்கு ஏன் அப்படி ஒரு விதி இல்லை? மின்வணிக விதிகளில், சொன்ன தேதியைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் தானாகவே இழப்பீடு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எங்கள் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்ததை நிரூபிக்க யாரும் ஆணையத்துக்கு ஓட வேண்டியிருக்காது.

அந்த வரி வரும் வரை, நாமே கேட்டு வாங்குவதைத் தவிர வழி இல்லை. எனக்கு இரண்டு ஆண்டு கெடு இன்னும் முடியவில்லை. கடை பில், ஸ்கிரீன்ஷாட், அந்த ‘பிரச்னை தீர்க்கப்பட்டது’ மெயில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இந்த வாரம் இ-ஜாக்ரிதியில் புகாரைப் பதியப் போகிறேன். கோரிக்கையின் முதல் வரியாக 4,500 ரூபாய் என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்த 500 ரூபாய் கூப்பனை இதுவரை தொடவில்லை.