ஜென்னரும் பால்காரிக் கதையும்

எட்வர்ட் ஜென்னர் (1749–1823) இங்கிலாந்தின் பெர்க்லி என்ற சிற்றூரில் பிறந்து, அங்கேயே மருத்துவம் பார்த்தவர். மாட்டம்மை வந்த தனக்குப் பெரியம்மை வராது என்று பால் கறக்கும் பெண்ணொருத்தி அவரிடம் சொன்னாள். உடனே ஒரு சிறுவனுக்கு அம்மை குத்தி, உலகின் முதல் அம்மைத் தடுப்பைக் கண்டுபிடித்தார் என்பது பரவலாக நம்பப்படும் கதை. இதில் பெரும்பகுதி தவறு.

பெரியம்மைத் தடுப்பு ஜென்னருக்கு வெகுகாலம் முந்தியது. நோயாளியின் கொப்புளச் சீழைச் சிறிதளவு உடலில் ஏற்றும் வழக்கம் வங்கத்திலும் துருக்கியிலும் இருந்தது. 1721-இல் மேரி மான்டேகு அம்மையார் இலண்டனில் தம் மகளுக்கு அதைச் செய்வித்தார். ஜென்னரே சிறுவயதில் அப்படிக் குத்திக்கொண்டவர்தான். அந்த முறையில் சிலர் இறந்ததும் உண்டு. குத்திக்கொண்டவர்களிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றியதும் உண்டு.

மாட்டம்மையைப் பயன்படுத்தியதிலும் அவர் முதல்வர் அல்லர். 1774-இல் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற டார்செட் விவசாயி தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் மாட்டம்மைச் சீழை ஏற்றினார். அது பெரியம்மையைத் தடுக்கும் என்ற நம்பிக்கை மாடு வளர்ப்போரிடம் ஏற்கெனவே இருந்தது. பால்காரி உரையாடலோ, ஜென்னர் இறந்த பின் அவர் வரலாற்றை எழுதிய ஜான் பேரன் வழியே பரவியது.

அப்படியானால் ஜென்னர் செய்தது என்ன? ஊரார் நம்பியதைச் சோதனைக்கு உட்படுத்தினார். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரிடம் பயின்று, குயில் குஞ்சின் நடத்தையை ஆராய்ந்து ராயல் சொசைட்டி உறுப்பினரான கூர்மையான கவனிப்பாளர் அவர். 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரியின் கைக்கொப்புளத்திலிருந்து சீழெடுத்து, எட்டு வயது ஜேம்ஸ் பிப்ஸுக்கு ஏற்றினார். ஜூலையில் பெரியம்மைச் சீழை ஏற்றியபோது சிறுவனுக்கு நோய் வரவில்லை. இந்த இரண்டாம் படியைக் கொடுமை என்று பழிப்பதும் உண்டு. பெரியம்மைச் சீழேற்றம் அன்று குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யப்பட்டது என்பதை மறந்து சொல்லப்படும் பழி அது.

ஒரே சிறுவனோடு எல்லாம் முடிந்துவிடவுமில்லை. அந்தச் சான்று போதாதென்று, ராயல் சொசைட்டிக்கு அவர் அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. 1798-இல் ஜென்னர் மேலும் பலருக்குக் குத்தினார். ஒரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தைக்கு ஏற்றினாலும் காப்பு நிலைப்பதைக் கண்டார். மாடு கிடைக்காத ஊர்களுக்கும் தடுப்பைக் கொண்டுசென்றது இந்தக் கண்டுபிடிப்புதான். அவ்வாண்டே அவர் வெளியிட்ட நூலில் 23 நேர்வுகள் உள்ளன. பிப்ஸ் அவற்றில் 17-ஆவது.

ஜென்னர் தவறியதும் உண்டு. காப்பு ஆயுள் முழுதும் நீடிக்கும் என்றார். காலப்போக்கில் அது குறைவது தெரிந்து, மறுபடி குத்தும் வழக்கம் வந்தது. பெரியம்மையை ஒழித்த தடுப்பு மருந்தில் இருந்ததும் மாட்டம்மை வைரஸ் அன்று; வாக்சினியா என்னும் வேறொரு வைரஸ். அது குதிரையம்மைக்கு நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மாட்டம்மையின் மூலம் குதிரைக் குளம்பு நோயே என ஜென்னர் தம் நூலிலேயே கருதியிருந்தார்.