ஊவாத் தோட்டங்களும் உப மின்நிலையமும்

இலங்கையை ஒரு வானரம் எரியூட்டியதென்று காவியம் கூறும். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்துள் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதால் நாடு முழுவதும் மின்னிழந்து நின்றது. சில நாள்கள் அதுவே ஊர்ப்பேச்சு. அதுகாறும் உப மின்நிலையம் என்றொன்று இருப்பதையே எண்ணாதிருந்தோர் பலர். கம்பிவேலிக்குள் இரும்புத் தூண்களும் பீங்கான் அடுக்குகளும் நிற்க, அபாய அறிவிப்புப் பலகை தொங்கும் அவ்விடத்தைப் பேருந்திற் கடந்து செல்கையில் நாம் ஏறிட்டும் பாரோம். ஆயின் ஒரு பிரதேசத்தின் வீடுகளும் பாடசாலைகளும் தொழிற்சாலைகளும் எத்துணை மின்னைப் பெறும் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகின்றது. தமிழகத்தார் இதனைத் துணை மின்நிலையம் என்பர். 'உப' என்பதினும் 'துணை' என்பது பொருள் நிறைந்ததாகத் தோன்றினும், நம் நாட்டு வழக்கையே ஈண்டுக் கைக்கொள்கின்றேன்.

அதன் பணி விளங்குதற்குச் சிறு கணக்கொன்று போதும். உற்பத்தி நிலையங்களிலிருந்து மின் 220 அல்லது 132 கிலோவோல்ற்று அழுத்தத்தில் மலைகடந்து வருகின்றது. கிரிட் உப மின்நிலையத்தில் அது 33 கிலோவோல்ற்றாகக் குறைக்கப்பட்டு ஊர்களுக்குச் செல்கின்றது. ஈற்றில், கம்பத்திற் பொருத்திய சிறு மின்மாற்றி, நம் பாடநூல்கள் நிலைமாற்றி என்று கூறுவது, அதனை வீட்டுக்கேற்ற 230 வோல்ற்றாக்குகின்றது. 132 ஐ 33 ஆல் வகுத்தால் நான்கு. ஆகவே ஒரே அளவு வலுவைக் குறைந்த அழுத்தத்தில் அனுப்புங்கால் நான்கு மடங்கு மின்னோட்டம் கம்பியில் ஓடவேண்டும். கம்பி சூடேறி வீணாகும் வலு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். ஆதலின் ஒரே கம்பியில் இழப்பு பதினாறு மடங்காகும். இழப்பு ஒருபுறமிருக்க, கம்பி நீள நீள அதன் கடைக்கோடியில் அழுத்தமும் தாழ்கின்றது. விளக்கு மங்குவதும், குளிர்சாதனப் பெட்டி முனகி நிற்பதும் இதன் விளைவே. உப மின்நிலையம் மக்களுக்கு அண்மையில் அமைதல் வேண்டுமென்பது இதனாலேயே.

பதுளையில் கிரிட் உப மின்நிலையம் நெடுங்காலமாக உள்ளது. பிற்காலத்தில் மகியங்கனையிலும் மொனராகலையிலும் அமைந்தன. எனினும் ஊவாவின் நில அமைப்பு மின்கம்பிக்கு இசைவானதன்று. பதுளைக்குக் கிழக்கே பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று செல்லும் தொடரையும், தென்மேற்கே பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்தையும் கண்டவர் இதனை அறிவர். ஒவ்வொரு தோட்டமும் ஒரு மலைமுதுகில் இருக்கும்; தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் மற்றொரு பள்ளத்தில் ஒளிந்திருக்கும். கம்பி அங்கெல்லாம் ஏறி இறங்க வேண்டும்.

இம்மலைகளுக்கு மின் புதிதுமன்று. நுவரெலியாவுக்கு அண்மையில் பிளக்பூல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1912 இல். அந்நூற்றாண்டின் முற்பாதியில் பல தோட்டங்கள் தத்தம் ஓடைநீரைக் கொண்டு சிறு சுழலிகளை ஓட்டின. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை அவற்றால் இயங்கிற்று. துரை பங்களாவில் விளக்கு எரிந்தது. அதே ஓடையில் நீர் மொண்டு வந்தவளின் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கே இருந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நாடு முழுவதற்குமான நீர்மின் வலுவைப் பற்றி 1918 இல் ஆய்வுரை வழங்கினார். இலக்சபானவின் முதற்கட்டம் 1950 இல் இயங்கிற்று. இலங்கை மின்சார சபை 1969 இல் சட்டத்தால் அமைந்தது. பொதுக் கம்பி தோட்டத்தை எட்டியதும் பழைய சுழலிகள் துருவேறின. ஊவாவின் நீர் இன்றும் நாட்டுக்கு மின் தருகின்றது. 2024 ஏப்ரல் 24 இல் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் ஒன்றே 120 மெகாவாற்று வலுவுடையது.

இனி, நான் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகின்றேன். உப மின்நிலையம் ஒன்றை அமைக்கப் புகுவோர் முதலில் வருங்காலத் தேவையை மதிப்பிடுகின்றனர். கடந்த ஆண்டுகளில் எத்தனை அலகு விற்பனையாயிற்று, அது ஆண்டுதோறும் எவ்வளவு வளர்ந்தது என்பனவே அம்மதிப்பீட்டின் அடிப்படை. நகரத்துக்கு இம்முறை பொருந்தும். தோட்டத்துக்குப் பொருந்துமா?

பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம் யாதெனில், மின்சாரத்தைத் தோட்ட நிருவாகம் மொத்தமாக வாங்கித் தொழிற்சாலைக்கும் லயங்களுக்கும் பகிர்ந்தளித்தலாம். சபையின் ஏட்டில் அங்கே ஒரு பாவனையாளர், ஒரு மானி. அம்மானிக்குப் பின்னால் முந்நூறு குடும்பங்கள் இருந்தாலும் ஏடு அவர்களை அறியாது. அறைக்கு ஒரு விளக்கு என்று அளந்து கொடுத்த இடத்தில் விற்பனை வளருமா? வளராத விற்பனையை நோக்கி, இங்கே தேவை குறைவு என்று எழுதிவிட்டால், அக்குறைவே அடுத்த இருபது ஆண்டுக்கும் விதியாகிவிடும். பசித்தவன் நேற்று உண்ட அளவைக் கொண்டு இன்று அவனுக்குச் சோறு அளப்பது போன்றது இது. பொறியியலாளர்மீது குறை கூறுகின்றேன் அல்லேன்; ஏட்டில் இல்லாதவரை அவர் எங்ஙனம் எண்ணுவார்? சொந்தப் பெயரில் இணைப்புக் கேட்பவர் வீட்டுரிமையைக் காட்டவேண்டும். நிலவுறுதி இல்லாத தொழிலாளி தோட்ட நிருவாகத்தின் சம்மதத்தை நாடி நிற்க வேண்டியவராகின்றார். 1948 இல் குடியுரிமை இழந்த ஒரு மக்கட் கூட்டம், 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதனை மீட்கப் போராடியது; பட்டியலில் இல்லாதிருத்தலின் துன்பம் அவர்களுக்குப் பழகிப்போனது.

இன்னுமொன்று. 2022 இல் நாடு நீண்ட மின்வெட்டில் தவித்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. ஏழைகள் விளக்கை அணைத்துவிட்டு இருந்த அவ்வாண்டுகளின் பாவனையை அளவுகோலாகக் கொள்வதும் தவறாகவே முடியும்.

தேவை எவ்வாறு மாறுகின்றது என்பதை நம் மாணவரே கணிக்கலாம். இருபது அறை கொண்ட லயத்தில், அறைக்கு 40 வாற்று விளக்கு ஒன்று எனின், மொத்தம் 800 வாற்று. அவ்விருபது குடும்பமும் தனி வீடுகளுக்குச் சென்றபின், மாலையில் பத்து வீட்டில் 700 வாற்றுச் சோற்றுப் பானை ஒரே வேளையில் கொதிக்கின்றது என்க, அது 7,000. வீட்டுக்கு 100 வாற்று வீதம் விளக்கும் தொலைக்காட்சியும் 2,000. எண்ணூறு ஒன்பதாயிரமாயிற்று. முந்நூறு வீடுள்ள பிரிவுக்கு இக்கணக்கின்படி 135 கிலோவாற்று வேண்டும், 100 கே.வி.ஏ. மின்மாற்றி அதனைத் தாங்காது. இந்திய உதவியுடன் அமையும் மலைநாட்டு வீடுகளும் ஏழு பேர்ச் நிலத்தில் எழுந்த தனி வீடுகளும் பெருகிவருகையில் இதனைக் கற்பனை என்று தள்ளிவிடல் இயலாது. கொழுந்தை வாட்டும் பெரு விசிறிகளும் இரவிலேதான் சுழல்கின்றன. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சவேளை என்பர். தோட்டத்துப் பிள்ளை புத்தகத்தை விரிப்பதும் அவ்வேளையில் அன்றோ? சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவரிடம், "ஏன் எழுத்துக் கோணிற்று?" என்று கேட்கும் ஆசிரியர், அவர் வீட்டு விளக்கின் அழுத்தத்தையும் கேட்டறிதல் நலம்.

கூரைதோறும் சூரியத் தகடு வைத்தால் போதுமே என்பாரும் உளர். நல்லதே. ஆயினும் உச்சவேளையில் ஞாயிறு மறைந்துவிடுகின்றது. மின்கலம் வாங்க நாட்சம்பளக்காரருக்கு இயலாது.

இடம் தெரிவதே பெருஞ்சிக்கல். உப மின்நிலையத்துக்குச் சமநிலம் வேண்டும். மலைத்தோட்டத்தில் சமநிலம் எங்குள்ளது? ஸ்டோர் நிற்கும் இடத்தில், கோயில் முன்றலில், பிள்ளைகள் பந்தாடும் திடலில். 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்ற நிலம் இது. அரசும் கம்பனியும் கையொப்பமிட்டால் திடல் கைமாறிவிடும். உறுதியற்ற குடியிருப்பாளருக்கு நட்டஈடு கேட்கவும் வழியிராது. தேயிலைச் செடி தாழ்ந்து வளர்வதாதலின், உயரழுத்தக் கம்பி அதன்மேற் செல்லத் தடையில்லை, வீட்டின்மேல் செல்லலாகாது. ஆதலால் கம்பிப்பாதை தேயிலைமீது செல்லட்டும்; நிலையம் திடலை விட்டு அமையட்டும். வளிமத்தால் காப்பிடப்பட்ட கருவிகளைக் கொண்டு குறுகிய இடத்தில் அமைக்கும் முறையும் உண்டு. செலவு கூடும், சில இடங்களில் அச்செலவைச் செய்யத்தான் வேண்டும்.

மண்ணின் உறுதியும் நோக்கற்பாலது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலிலும் பதுளை மாவட்டம் பேரழிவு கண்டது. மின்மாற்றி விலை மிக்க பொருள். அதனை நிறுத்துமுன் மண்ணைத் துளைத்துப் பார்ப்பார்கள், நீரோட்டத்தை ஆராய்வார்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்பார்கள். இரும்புக்குச் செய்யும் அவ்வாராய்ச்சியை அயலிலுள்ள லயங்களுக்கும் சேர்த்தே செய்தால் என்ன? ஒரே குழு, ஒரே பயணம். செலவும் சிறிதே மிகும். அபாயமென்று கண்ட லயத்தை இடம்பெயர்க்க வேண்டுமாயின், புதிய குடியிருப்பு எங்கு வரும் என்பதும் மின்திட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே, நிலைமாற்றியின் அளவை முடிவுசெய்யுமுன் தலைகளை எண்ணுக என்பதே என் விண்ணப்பம். மானிகளை எண்ணினால் மட்டும் போதாது. கிராம உத்தியோகத்தர் பதிவும் தோட்டத்துக் குடும்பப் பதிவும் உள்ளன; கட்டப்பட்ட வீடுகளின் பட்டியலும் கட்டப்படவுள்ளவற்றின் பட்டியலும் உள்ளன. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணி செய்யத் தடையாயிருந்த சட்டப்பிரிவு 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. பசறை, லுணுகலை, ஹாலி-எல சபைகள் இக்கணக்கெடுப்பில் இறங்கலாம். மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் சட்டம் 2024 இல் வந்தது. எந்த நிறுவனம் இப்பணியை ஏற்பினும், வரைவுத் திட்டம் தமிழிலும் வெளிவருதல் வேண்டும். அதனைத் தோட்டந்தோறும் பிரட்டுக்களத்தில் ஒட்டவேண்டும். பொதுமக்கள் கருத்தறியும் கூட்டத்தைப் பதுளை நகர மண்டபத்தில் காலை பத்து மணிக்கு வைப்பாராயின், மலையில் கொழுந்து பறிப்பவள் வரமாட்டாள். மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்தபின், தோட்டத்திலேயே வைக்கவேண்டும்.