என் ரெண்டே முக்கால் செகண்டைத் திருப்பிக் கொடுங்கள்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி ஜாஸ்தி. ஆனால் போன சனிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் சூடான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலஸ் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் பாட்லக். சாப்பிட்டு முடித்து, ஆண்கள் எல்லாம் கராஜில் ஒதுங்கி, வழக்கம்போல அமெரிக்காவைத் திருத்த ஆரம்பித்தோம். பேச்சு துப்பாக்கிச் சட்டத்துக்குப் போனது. மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது என்று கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றனவே, அது. உடனே நம்ம அண்ணாச்சி ஒருத்தர் செல்போனை எடுத்து எல்லோருக்கும் ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் இருந்தது நான்! போன வருஷப் போட்டியில் ரிவால்வரை நான் மறுபடி லோட் பண்ணும் காட்சி.

"பாருங்கய்யா, நம்ம ஆளே ஆறு குண்டு ரிவால்வர்ல மூணு செகண்டுக்குள்ள லோட் பண்றான். இதுல மேகசினைச் சின்னதாக்கி என்னத்தைக் கிழிக்கப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் தங்கமணி கேட்டாள்: "நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?" அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இந்தப் பதிவு.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு கொசுவத்தி. நான் பிறந்து வளர்ந்தது அந்தமானில், போர்ட் பிளேர் மின்னி பேயில். (2024-இல் ஊர் பேரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு இன்னும் போர்ட் பிளேர்தான்.) சின்ன வயதில் நான் பார்த்த துப்பாக்கிகள் இரண்டே. சுதந்திர தின அணிவகுப்பில் போலீஸ் தோளில் ஒன்று. பாங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி மடியில் இரட்டைக்குழல் ஒன்று. அவர் சுட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் படிப்பு, வேலை, எச்-1பி, டெக்சஸ். ஆபீஸ் வெள்ளைக்கார நண்பர் ஒருத்தர் ஒருநாள் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார், பிடித்துக்கொண்டது. எச்-1பி மாதிரித் தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். ஆகவே ஒரு முயலைக்கூட வேட்டையாடாத நான் வருஷா வருஷம் வேட்டை லைசென்ஸ் எடுத்தேன். கிரீன் கார்டு வந்தபிறகுதான் அந்தக் கூத்து முடிந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம்மூரில் துப்பாக்கி சுடுதல் என்றால் 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா, 2012 லண்டனில் விஜய் குமார். விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் ஐந்து குண்டை 8, 6, 4 செகண்டுகளுக்குள் சுட வேண்டும். ஆனால் அந்த ஐந்து முடிந்து அடுத்த ஐந்தைப் போடும்போது கடிகாரம் ஓடாது. நான் ஆடுவது வேறு. இதில் பஸ்ஸர் அடித்ததிலிருந்து கடைசிக் குண்டு வரைக்கும் கடிகாரம் நிற்காது. ரிவால்வர்காரன் ஆறு சுட்டதும் சிலிண்டரைத் திறந்து, காலித் தோட்டாக்களைத் தட்டி வெளியே தள்ளி, புதுசாக ஆறு போட்டு மூடியாக வேண்டும். பக்கத்தில் பிஸ்டல்காரன் சுட்டுக்கொண்டே இருப்பான்.

அதற்குத்தான் ஸ்பீட்லோடர். ஏழு குழிப் பணியாரச் சட்டியில் நடுக்குழியை எடுத்துவிட்டால் மிச்சம் ஆறும் வட்டமாக நிற்கும் இல்லையா, அப்படி ஆறு தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன உருளை. ஆறும் ஒரே நேரத்தில் ஆறு துளைக்குள் இறங்கும். எச்.கே.எஸ் வகையில் குமிழைத் திருக வேண்டும். சஃபாரிலேண்ட் வகையில் அழுத்தினாலே போதும், விட்டுவிடும்.

கடையில் வாங்கியதை அப்படியே வைத்துக்கொண்டு நாங்கள் சும்மா இருப்போமா? திருகும் குமிழ் சின்னது, வியர்த்த விரலில் வழுக்கும் என்று பெரிய குமிழ் மாட்டுவோம். கைப்பிடி மரம் லோடரை இடிக்கிறது என்று மரத்தைச் செதுக்குவோம். சிலிண்டர் துளைகளின் வாயைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து லேசாகச் சரித்து வாங்குவோம். தோட்டா முனை தட்டையாக இருந்தால் துளை விளிம்பில் முட்டுகிறது என்று உருண்டை முனைக்கு மாறுவோம். லோடருக்குள் தோட்டாக்கள் ஆடினால் ஒன்று மட்டும் கோணலாக வந்து மிச்ச ஐந்தையும் வாசலிலேயே நிறுத்திவிடும், அதற்கு ஒரு ரப்பர் வளையம். சாயங்காலம் டி.வி முன்னால் உட்கார்ந்து, வெற்றுத் தோட்டாவை வைத்துக்கொண்டு நூறு தடவை, இருநூறு தடவை பழகுவோம்.

இத்தனை கூத்துக்கும் எனக்குக் கிடைத்தது என்ன? பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டால் பன்னிரண்டு செகண்ட். கடையில் வாங்கிய லோடரில் ஐந்து. இப்போது, என் நல்ல நாளில், ரெண்டே முக்கால். அண்ணாச்சி வீடியோவில் பார்த்தது அந்த நல்ல நாளைத்தான். அதே போட்டியின் முதல் ரவுண்டில் கை நடுங்கி லோடரைத் தவற விட்டு, குனிந்து தேடி, ஒன்பது செகண்ட் ஆனதற்கு வீடியோ இல்லை. இத்தனைக்கும் எதிரே இருந்தது அட்டை. அட்டை ஓடாது, கத்தாது, என் மேல் பாயாது.

இணையத்தில் சுற்றும் இன்னொரு வீடியோவையும் அண்ணாச்சி சொன்னார். 1999-இல் ஜெர்ரி மிகுலெக் ஆறு சுட்டு, லோட் பண்ணி, மறுபடி ஆறு சுட்டார். எல்லாம் சேர்த்து 2.99 செகண்ட். உண்மைதான், கண்ணில் ஒத்திக்கொள்ள வேண்டிய வித்தை. ஆனால் அது ஸ்பீட்லோடர்கூட இல்லை. மூன் கிளிப் என்ற தகட்டோடு தோட்டாக்களை அப்படியே உள்ளே போடும் ரிவால்வர். அவர் உலகத்தில் ஒருத்தர். உசேன் போல்ட் ஓடுகிறார் என்பதற்காக "நூறு மீட்டர் தூரமெல்லாம் ஒரு தூரமா" என்று யாராவது கேட்பார்களா?

இங்கேதான் அண்ணாச்சியோடு என் சண்டை. லோட் பண்ணும் இடைவெளி ஒன்றுமில்லாத விஷயம் என்றால், நாங்கள் எதற்கய்யா அரை செகண்டுக்காகப் பிளாஸ்டிக்கை ராவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்? அந்த இடைவெளியில் துப்பாக்கிக்காரன் கையாலாகாதவன். அது தெரிந்துதான் இந்தக் கருவியே வந்தது. என் லோடரை வைத்து "இடைவெளி முக்கியமில்லை" என்று வாதாடுவது, தீயணைப்பு வண்டியைக் காட்டி "நெருப்பு சுடாது" என்று சொல்கிற மாதிரி.

இந்தக் கருவியின் சரித்திரத்தைப் பாருங்கள். 1970 ஏப்ரல் 6, கலிஃபோர்னியாவில் நியூஹால். நெடுஞ்சாலைக் காவல்துறையினர் நான்கு பேர் ஒரே ராத்திரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ரிவால்வர் காலியாகி, தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்து மூடும் நேரத்தில் எதிரி பக்கத்தில் வந்துவிட்டான். அதன்பிறகுதான் அந்தத் துறை தன் ஆட்களுக்கு ஸ்பீட்லோடர் கொடுத்தது. என் இடுப்பில் நான் விளையாட்டுக்கு மாட்டிக்கொள்ளும் சாமானுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது.

அதே இடைவெளி மற்ற பக்கமும் வேலை செய்யும். 1993 டிசம்பர் 7, நியூயார்க்கில் லாங் ஐலண்ட் ரயில். ஒருவன் 15 குண்டு மேகசின் இரண்டைக் காலி செய்து ஆறு பேரைக் கொன்றான். மூன்றாவதை மாட்டும்போது பயணிகள் அமுக்கிவிட்டார்கள். 2011 ஜனவரி 8, அரிசோனாவில் டூசான். 33 குண்டு மேகசின். அதில் ஆறு பேர் செத்தார்கள், ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று உட்பட. அது தீர்ந்து அடுத்ததை மாட்டப் போனபோது கூட்டத்தில் இருந்தவர்கள் அவனைக் கீழே தள்ள, பாட்ரிசியா மெய்ஷ் என்ற 61 வயது அம்மா அந்த மேகசினைப் பிடித்துக்கொண்டார். அந்த இடைவெளி 33-வது குண்டுக்குப் பின்னால் வராமல் பத்தாவதுக்குப் பின்னால் வந்திருந்தால்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தின் பலமான வாதம். அதை ஒளித்துவைத்தால் நான் யோக்கியன் இல்லை.

2007 ஏப்ரல் 16. நான் அமெரிக்கா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வர்ஜீனியா டெக்கில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், நம்ம கோபிச்செட்டிபாளையத்துக்காரர். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வகுப்பறையிலேயே மாணவர்களோடு செத்துப்போனார். அந்த வாரம் இங்கே இருந்த தமிழர்கள் எல்லோர் வீட்டிலும் ஊரிலிருந்து போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மின்னி பேயிலிருந்து என் அம்மா பேசியது இரண்டே வார்த்தை: "வந்துடுடா, போதும்."

அந்த நார்ரிஸ் ஹாலில் கொலைகாரன் சுட்டது 174 குண்டுகளுக்கு மேல். கிடந்த காலி மேகசின்கள் 17. அத்தனை தடவை மாற்றியும் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஆளுநர் அமைத்த குழு அந்த ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில், பத்து குண்டு வரம்பு இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்றது. வேகமாக லோட் பண்ணும் சாதனம் உள்ள கைத்துப்பாக்கிகூட அந்தச் சூழலில் ஏறக்குறைய அதே அளவு கொன்றிருக்கும் என்றும் சொன்னது. அண்ணாச்சி வாதத்தின் மூலம் இதுதான்.

குழுவில் இருந்தவர்கள் படித்தவர்கள், பெரியவர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் கை அவர்களைவிட அதிகம் பழகியது. 174-ஐ ஆறால் வகுத்தால் 29. இருபத்தொன்பது தடவை திறந்து, தட்டி, போட்டு, மூட வேண்டும். ஒவ்வொரு லோடரும் நல்ல எலுமிச்சம்பழ அளவு, பெல்ட்டில் நாலைந்துக்கு மேல் நிற்காது. சூடான சிலிண்டரில் காலித் தோட்டா சிக்கும், சுடாத மருந்துத் துகள் அடியில் போய் உட்காரும். போட்டியில் ஐந்தாறு தடவை லோட் பண்ணுவதற்குள் எனக்கு ஒரு தடவையாவது சொதப்பிவிடும்.

அந்தக் கட்டிடத்திலேயே செகண்டுகளுக்கு விலை இருந்தது. 76 வயது லிவியு லிப்ரெஸ்கு கதவைத் தன் உடம்பால் அடைத்து, மாணவர்களை ஜன்னல் வழியாகக் குதிக்க வைத்துவிட்டுச் செத்தார். இன்னொரு அறையில் மேசையைக் கதவோடு தள்ளி அணைத்ததால் அங்கே ஒருத்தருக்கும் காயமில்லை. கதவை அடைக்க எத்தனை செகண்ட் வேண்டும்? என் மோசமான நாளின் ஒன்பது செகண்ட் போதும்.

வாசல் பூட்டிய கட்டிடம், ஓட இடமில்லாத மாணவர்கள். அந்த இடத்தில் குழு சொன்னது சரியாகக்கூட இருக்கலாம், அவர்களும் "அந்தச் சூழலில்" என்றுதான் எழுதினார்கள். நம்ம ஆட்கள் அந்த வார்த்தையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எல்லா இடத்துக்கும் ஒட்டுகிறார்கள். மனநலம் காரணமாக நீதிமன்றம் ஆபத்தானவன் என்று சொன்ன ஒருவனுக்குக் கடையில் துப்பாக்கி விற்கப்பட்டதும் அங்கே வெளிவந்தது. கராஜில் அதை யாரும் பேசுவதில்லை.

"ஆறு குண்டுக்காரனுக்கு இதில் என்ன நஷ்டம், அதான் பேசுறே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து குண்டுச் சட்டம் வந்தால் எனக்கு ஒரு ஆணியும் குறையாது, பிஸ்டல் நண்பர்களுக்குக் குறையும். அவர்கள் எதிர்க்கட்டும். அரசியல் சாசன உரிமை என்று சொல்லட்டும். ஏற்கனவே கோடிக்கணக்கில் பெரிய மேகசின்கள் வெளியே இருக்கின்றன என்று சொல்லட்டும். ராத்திரி வீட்டுக்குள் திருடன் வந்தால் பத்து போதாது என்று சொல்லட்டும். 2025 மார்ச்சில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கலிஃபோர்னியா சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது, அதை எதிர்த்து எழுதிய நீதிபதிகளும் இருக்கிறார்கள். அதெல்லாம் பேச வேண்டிய வாதம். ஆனால் "லோட் பண்ணுவது கண் சிமிட்டும் நேரம், என் நண்பனைப் பாருங்கள்" என்பது வாதமில்லை, பொய். அதற்கு நான் சாட்சி இல்லை.

அண்ணாச்சி, அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். முடியாதென்றால் ஒன்பது செகண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். குனிந்து லோடரைத் தேடும் என்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்கட்டும், பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன்டா, அந்தக் கொஞ்ச நேரம்தான் ஓடறவனுக்குக் கிடைக்கிற நேரம்னு சொல்றே, அவ்வளவுதானே?" என்றாள். அவ்வளவுதான் அம்மா. இதைச் சொல்ல எனக்கு இத்தனை பத்தி ஆகிறது.

டிஸ்கி: அடுத்த மாதம் போட்டி இருக்கிறது, போவேன். ரெண்டே முக்காலை ரெண்டரை ஆக்க ஒரு புது ஸ்பிரிங் வந்திருக்கிறது. தங்கமணிக்கு இன்னும் விலை தெரியாது :-)