வெட்டியது யார்?

விளையாட்டுப் பக்கத் தலைப்புகளைப் பற்றித் தமிழில் யாராவது கவலைப்பட்டால், அது பெரும்பாலும் ஒற்றெழுத்தைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும். 'வீழ்த்தி கோப்பையை' என்று போட்டுவிட்டான், 'க்' எங்கே? 'பழிதீர்த்தது' என்பதைச் சேர்த்து எழுதணுமா, பிரித்து எழுதணுமா? தமிழாசிரியர்கள் சிவப்பு மையோடு காத்திருக்கிறார்கள். அந்தச் சொல் கிரிக்கெட் செய்தியில் எதற்கு வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். திருநெல்வேலிக்காரன் என்பதால் கேட்கிறேன். எங்கள் ஊரில் அந்தச் சொல் உவமை இல்லை.

2023 ஜூலை 12. சங்கர் நகர் சிமென்ட் ஆலை மைதானத்தில் டிஎன்பிஎல் இறுதி ஆட்டம். கோவை கிங்ஸ் 205 அடித்தது. நெல்லை ராயல் கிங்ஸ் 101-க்குச் சுருண்டது. ('சுருண்டது' மேல் எனக்குப் புகார் இல்லை. பாயும் சுருளும், பாம்பும் சுருளும், யாருக்கும் சேதமில்லை.) சொந்த மண்ணில் 104 ரன் தோல்வி. லீக் சுற்றில் கோவையை நெல்லை வென்றிருந்ததால், தலைப்புத் தமிழின் வழக்கப்படி இதற்குப் பெயர் பழிதீர்ப்பு. சரியாக நான்கு வாரம் கழித்து, ஆகஸ்ட் 9 இரவு, அதே மாவட்டத்தின் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவர் பள்ளியில் கூடப் படித்தவர்கள். தனக்கு நடந்த சாதிக் கொடுமையைப் பள்ளியில் புகாராகச் சொன்னார் என்பதுதான் அவர் செய்த குற்றம். பழிதீர்த்தல் என்றால் எங்கள் பக்கம் இது.

இரண்டுக்கும் முடிச்சுப் போடவில்லை. தலைப்பைப் படித்துவிட்டு யாரும் அரிவாள் தூக்குவதில்லை. அந்த அளவுக்கு நம்ம பயலுவ பேப்பர் படிப்பதும் இல்லை. நான் பேச வந்தது இலக்கணம்.

விளையாட்டுப் பக்கத்தில் 'நெல்லையைப் பழிதீர்த்தது கோவை' என்பார்கள், 'ஓட ஓட விரட்டியது இந்தியா' என்பார்கள். எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, வினைமுற்று கம்பீரமாக முன்னால் வந்து நிற்கும். அப்படியே குற்றச் செய்திப் பக்கத்துக்குத் திருப்புங்கள். 'மாணவருக்கு அரிவாள் வெட்டு.' வினைமுற்றைக் காணோம். எழுவாயைக் காணோம். நான்காம் வேற்றுமையில் ஒரு மாணவர், பக்கத்தில் ஒரு தொழிற்பெயர், அவ்வளவுதான். 'தென்காசிக்கு மழை' என்பதும் இதே அமைப்புத்தான். வெட்டு வானத்திலிருந்து விழுகிறது. யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வராத இடத்தில் செய்தவன் பெயரை முரசறைந்து சொல்லும் தலைப்பு, ரத்தம் வந்த இடத்தில் செய்தவனை இலக்கணத்துக்குள் ஒளித்து வைக்கிறது. பிடிக்கப் போனால் 'மர்ம கும்பல்'.

நான் மென்பொருள்காரன். எங்கள் வேலையில் ஒரு சர்வர் படுத்துவிட்டால் 'சர்வருக்குக் கோளாறு' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. எந்த மாற்றத்தை யார், எத்தனை மணிக்கு ஏற்றினார் என்று சொல்லியாக வேண்டும்.

இதை ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிற அண்ணாச்சியிடம் சொன்னேன். "தம்பி, காலம் அகலம் எவ்வளவுன்னு ஒனக்குத் தெரியுமாடே? எழுத்த எண்ணித்தான் தலைப்பு வைக்கோம்" என்றார். சரி, எண்ணினேன். 'மாணவருக்கு அரிவாள் வெட்டு' பதின்மூன்று எழுத்து. 'மாணவரை மூவர் வெட்டினர்' பன்னிரண்டு. 'பழிதீர்த்தது' ஏழு, 'வென்றது' நாலு. இடம் பத்தவில்லை என்ற சாக்கு இத்தோடு தீர்ந்தது. வெட்டியவர்கள் சிறுவர்கள், பெயர் போடச் சட்டம் விடாது என்றார். பெயர் யார் கேட்டா? 'மூவர்' என்பதோ 'சக மாணவர்கள்' என்பதோ பெயரில்லை, எழுவாய்.

வேறு சிலர் புறத்திணையைத் துணைக்கு அழைப்பார்கள். போர் நம் இலக்கியத்திலேயே இருக்கிறதே, பரணி பாடிய இனமல்லவா என்று. புறத்திணையிலிருந்து விளையாட்டுப் பக்கத்துக்கு வந்த சொல் ஒன்று இருக்கிறது: 'வாகை சூடியது'. ஜெயித்தவன் பூச்சூடிக்கொள்கிறான். தோற்றவன் என்ன ஆனான் என்று அந்தச் சொல்லில் பேச்சே கிடையாது. அதை எடுத்துக்கொள்ளட்டும்.

இந்தத் தலைப்புத் தமிழ் வெளியிலிருந்து வந்து இறங்கியதும் இல்லை. 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் திருச்செந்தூர்ப் பக்கம் காயாமொழிக்காரர். பேசுகிற தமிழைக் கொச்சை நீக்கி எழுதச் சொன்னவர். 1951-ல் திருவனந்தபுரத்தில் பிறந்த தினமலர் 1957-ல் நெல்லைக்குக் குடிவந்தது. டீக்கடை பெஞ்சில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கும் விளங்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பேச்சில் யார் 'பழிதீர்த்தது' என்கிறார்கள்? மேட்ச் பார்த்துவிட்டு வருகிற பையனிடம் கேளுங்கள். "கோயம்புத்தூர்க்காரனுவ ஜெயிச்சிட்டானுவ" என்பான். இல்லையென்றால் "நம்மாளுவ சொதப்பிட்டானுவ". எழுவாயும் வினையும் அவனிடம் பத்திரமாக இருக்கின்றன.

கிரிக்கெட்டாவது பணக்கார ஆட்டம், அடைமொழிகளைத் தாங்கிக்கொள்ளும். கபடிக்கு வருவோம். தாமிரபரணியின் கீழ்க்கரை கபடி மண். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிய மணத்தி கணேசனின் மண். அந்த ஆட்டத்தில் அவுட் ஆனவனை நாங்கள் 'செத்துட்டான்' என்போம். எதிரணியில் ஒருத்தன் செத்ததும் இவனுக்கு 'உயிர்' வந்துவிடும், திரும்ப உள்ளே ஓடுவான். சாவுகூட அங்கே திருப்பிக் கொடுக்கப்படுகிற பொருள்.

2025 மார்ச் 10 அன்று அதே ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், பாளையங்கோட்டைக்குத் தேர்வெழுதப் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை, பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் இவருடைய அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஒரு வெற்றிக்கு வந்த பதில் இது. இதற்கும் ஒரு கிரிக்கெட் தொடருக்கும் ஒரே வினைச்சொல்லை நம் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒற்று மிகுமா மிகாதா என்று விவாதிப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. தலைப்பைப் பற்றிச் சொல்ல எந்தக் குழுவும் வராது, வரவும் கூடாது. அது ராத்திரி பக்கம் போடுகிறவர்கள் பாடு.

அண்ணாச்சி கடைசியில் எரிச்சலோடு கேட்டார்: "நாளைக்கு 'பழிதீர்க்குமா இந்தியா'ன்னு ஒண்ணு வச்சிருக்கேன். அதுக்கு என்னத்தப் போடச் சொல்லுத?"

"வெல்லுமான்னு போடுங்க அண்ணாச்சி. மூணு எழுத்து மிச்சம்."